குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனின் விண்ணப்பம்

அனுப்புநர்: எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவன், கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்: போக்குவரத்து வழக்குகளை விசாரிக்கும் மாண்பமை நீதிமன்றம் (வழி: வாய்தா).

பொருள்: ஜீப்பில் ஹெல்மெட் அணியாத குற்றம் – விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

விடியுமுன் கம்பத்தில் ஆட்களை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது என் பிழைப்பு. வண்டிக்கு நாலு சக்கரம், ஒரு ஸ்டெப்னி. இதை ஹெல்மெட் போடாமல் ஓட்டினேன் என்று செல்போனில் 1,000 ரூபாய் அபராதம் வந்தது. கூடவே வந்த போட்டோவில் ஒரு ஸ்கூட்டர். பின்சீட்டில் முருங்கைக்காய்க் கட்டு. நம்பர் பிளேட்டில் 3 எது, 8 எது என்று யாருக்கோ தடுமாற்றம். பழைய 100 ரூபாயாக இருந்திருந்தால் தொலையட்டும் என்று கட்டியிருப்பேன். 2022 அக்டோபரில் அது பத்து மடங்கானதும்தான் எனக்கு நியாய உணர்ச்சி வந்தது.

மெய்நிகர் நீதிமன்றத்தில் இரண்டே வழி. ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டலாம். அது டீக்குக் காசு கொடுக்கிற வேகத்தில் முடியும். மறுத்து வழக்காடலாம், நான் அதை அழுத்தினேன். வழக்கு கம்ப்யூட்டரை விட்டிறங்கி சாதாரண கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 208-ஆவது பிரிவை வக்கீல் குமாஸ்தா விளக்கினார். சிறு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் நேரில் வரவே வேண்டாமாம். மணியார்டரில் பணத்தை அனுப்பி, அந்தக் கூப்பனிலேயே ஒப்புதலை எழுதிவிட்டால் போதுமாம். என்ன தாயுள்ளம்! தப்பு செய்தவன் திண்ணையில் படுத்தபடியே கேஸை முடிக்கிறான். செய்யாதவன் அயர்ன் செய்த சட்டையோடு, அன்றைய டிரிப்பை விட்டுவிட்டு, டவாலி கூப்பிடுவது தன் பேர்தானா என்று வராந்தாத் தூணருகே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். ஓடிப்போய் நின்றால், கேஸ் போட்டவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். இன்னொரு நாள் அவர் வந்தார். கேஸ் கட்டு வரவில்லை.

அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தைக் கோர்ட் கோப்பில் எடுக்க 6 மாதம் கெடு வைத்திருக்கிறது சட்டம். எடுத்ததை முடிக்க? அங்கேதான் தங்கள் பெருந்தன்மை ஆரம்பிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நீளக் கணக்கு பழக்கம்தான். பெரியாற்று அணைக்கு 1886-இல் எழுதிய குத்தகையே 999 வருஷம். ஆனால் 1887-இல் தொடங்கிய அந்த அணையை, கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகும், பென்னிகுக் 1895-இல் முடித்துவிட்டார் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். ஹெல்மெட் வழக்கில் வெள்ள அபாயம்கூட இல்லை.

இதற்கிடையே ஜீப்புக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிகிறது. புதுப்பிக்கப் போனால், அபராதம் பாக்கி என்று தடங்கல் காட்டுகிறது கம்ப்யூட்டர். நான் வழக்காடிக்கொண்டிருப்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. எஃப்.சி. இல்லாமல் மலையேறினால் அது நிஜமாகவே குற்றம். “பேசாமக் கட்டிருப்பா” என்கிறார்கள் ஸ்டாண்டில். அவர்களும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். தங்கள் கணக்கில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்; உண்மையில் வாய்தாவுக்குப் பயந்தவர்கள்.

ஆகவே, ‘நான் செய்யவில்லை’ என்று எழுதி அனுப்பவும் ஒரு கூப்பன் அருள வேண்டும். அது வரும்வரை, அந்தப் போட்டோவை யாராவது ஒருதரம் பார்த்தால் போதும். சக்கரம் எண்ணத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தண்டிக்கப்படாத, விடுவிக்கவும்படாத
டி.என். 60 ஜீப் டிரைவர்