கொடியா, கொட்டையா? களியக்காவிளை முந்திரி குறித்து ஒரு முன்னாய்வு

களியக்காவிளையில் பேருந்து ஏறினால் இஞ்சிவிளை தாண்டிச் சில நிமிடங்களில் பாறசாலை. இந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு பருப்பு பழமாக மாறிவிடுகிறது. தாவரவியலார் இதைக் கவனிக்கவில்லை. மொழியியலாருக்கு வேறு வேலை இருக்கிறது. ஆகவே இப்பொறுப்பு, வேறு வேலை இல்லாத இக்கட்டுரையாளர் மீது விழுந்தது.

பிரச்சினை இதுதான். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் வெண்பொங்கலில் தேடி எடுத்துத் தின்கிற பருப்பு. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்து மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. அங்கே பருப்புக்குப் பெயர் கசுவண்டி, பறங்கியண்டி, அண்டிப்பருப்பு. இருவருக்கும் நடுவில் வாழும் விளவங்கோட்டுக்காரர் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. மரத்தைக் கொல்லாமாவு என்றும், கொட்டையைக் கொல்லாங்கொட்டை என்றும் சொல்லி நகர்ந்துவிட்டார். எல்லையில் வாழ்ந்தால் இப்படித்தான் புத்தி வரும்.

உரிமை யாருக்கு? திராட்சைக்கே என்பது இக்கட்டுரையின் துணிபு. கொல்லாமரம் பிரேசில் நாட்டுச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. பறங்கிமாவு என்று பெயர் வைத்த மலையாளி அதன் பூர்வீகத்தை மறைக்கவில்லை. முந்திரி என்ற சொல்லை வடமொழியில் திராட்சையைக் குறிக்கும் மிருத்வீகாவோடு உறவுபடுத்துவார்கள். நம் பழைய அகராதிகளும் முந்திரிகை, கொடிமுந்திரி என்று திராட்சைக்குப் பெயர் தருகின்றன. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. பருப்பு தருவது மரமுந்திரிகை, அல்லது கஜு. ஆக, பாறசாலையும் யாழ்ப்பாணமும் ஒரு கட்சி. இடையில் கிடக்கும் நாம் மட்டும் குடிவந்தவருக்கு வீட்டைப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு வடமொழியிலிருந்து திராட்சை என்று ஒரு பெயரை வாங்கி வந்து மாட்டினோம்.

வெளிநாட்டுச் சான்று இல்லாமல் ஆய்வு சிறக்காது. கிரேக்கத்தில் திராட்சைக்கொடிக்கு ஊரறிந்த பெயர் அம்பெலோஸ். ஓயினே என்று இன்னொன்றும் உண்டு; ஹெஸியோட் போன்ற பழம்புலவர்களிடம் தென்படும் அரிய சொல். அதே ஓயினே தாயக்கட்டையில் விழும் ஒன்றையும் குறிக்கும். இனி நம் கணக்குக்கு வருவோம். பழந்தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320இல் 1. கீழ்முந்திரி 1,02,400இல் 1. அங்கும் கொடியும் எண்ணும் ஒரே பெயரில், இங்கும் அப்படியே. இதிலிருந்து ஏதாவது நிரூபணம் ஆகிறதா என்று கேட்கக்கூடாது. இந்தத் துறையில் அது மரியாதை இல்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை. மக்களைப் பிரித்தவர்கள் முந்திரியை யார் கணக்கில் எழுதுவது என்று சொல்லாமலே போனார்கள். விளைவு இன்றும் தொடர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையாக லாரி ஏறும் பழம், குமுளியில் முந்திரியாக இறங்குகிறது. பண்ருட்டியில் முந்திரியாக மூட்டை கட்டப்படுவது, கொல்லத்தில் கசுவண்டி ஆகிறது. இந்தப் பெயர்மாற்றத்துக்கு அரசிதழ் அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

வேதாகமமும் தப்பவில்லை. தமிழில் திராட்சச்செடி; மலையாளத்தில் முந்திரிவள்ளி. லண்டன் மிஷன் எல்லைக்கு இருபுறமும் சபைகளை வளர்த்த பகுதி இது. இரண்டு மொழியிலும் வேதம் வாசிக்கும் வீடுகளில், உவமை ஒன்றுதான், பயிர் இரண்டு. திரைப்படத்தில் நிலைமை இன்னும் மோசம். பத்மராஜன் 1986இல் எடுத்த ‘நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்’ திராட்சைத் தோட்டத்தில் நடக்கும் காதல் கதை. தலைப்பை மட்டும் படிக்கிற பண்ருட்டிக்காரருக்கு மோகன்லால் கொட்டை உடைக்கப் போகிறார் என்றே தோன்றும்.

கடைசியாக, களத்தில் நடப்பது. ஓணத்துக்கு முந்தின நாள், பாறசாலைச் சேச்சி ஒருவர் களியக்காவிளை மளிகைக்கடையில் நூறு முந்திரி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அகராதியைப் புரட்டமாட்டார். “நெய்யில போட்டா உப்புததா சேச்சி, செவக்கததா?” என்பார். உலர்திராட்சை நெய்யில் உப்பி உருளும், பருப்பு சிவக்கும். சொற்பொருளைக் கண்டறிய இதைவிடச் சுருக்கமான முறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. சேச்சியின் வட்டத்துக்கே நெய்யாற்றின்கரை என்று பெயர் இருக்கும்போது வேறு எதில் போட்டுப் பார்ப்பது?

தீர்ப்பு திராட்சைக்குச் சாதகம். ஆனால் அமல்படுத்த வேண்டாம். நானூறு ஆண்டுப் பழக்கத்தைக் கட்டுரை மாற்றாது, கொட்டைக்காரர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். பாறசாலைப் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போகிறவர்கள் யாராவது முந்திரி வாங்கிவரச் சொன்னால், விளக்கம் கேட்டு நிற்காதீர்கள். இரண்டிலும் நூறு கிராம் வாங்கிக்கொண்டு போங்கள். பாயசத்துக்கு இரண்டும் வேண்டும்.