தீம் பார்க்கில் சாப்பாட்டு நேரம்

தீம் பார்க்குக்குப் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு மூன்று வகைச் சாப்பாடு உண்டு: கட்டிக்கொண்டு போவது, உள்ளே வாங்கித் தின்பது, வெளியே வந்த பிறகு தேடி அலைவது. பெரும்பாலான குடும்பங்கள் முதல் வகையைத் திட்டமிட்டு, இரண்டாம் வகையில் காசைக் கரைத்து, மூன்றாம் வகையில்தான் வயிற்றை நிரப்புகின்றன. இந்தக் குழப்பத்தை ஓரளவு முறைப்படுத்துவதே சாப்பாட்டுத் திட்டம். அதைக் க்யூவைப் பார்த்துப் போட வேண்டும். பசியைப் பார்த்துப் போட்டவர்கள் கெட்டார்கள். பிள்ளையின் பசிக்குக் கடிகாரம் தெரியாது. முக்கால் மணி நேரம் நின்று, முன்னால் நாலே பேர் மிச்சமிருக்கும்போதுதான் அது வரும்.

பூங்கா முந்தியதா, சாப்பாடு முந்தியதா என்ற கேள்விக்கு ஓர் இடத்தில் தெளிவான பதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெர்ரித் தோட்டம் வைத்திருந்த கார்டீலியா நாட் என்ற அம்மையார், 1934-ல் தம் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழி வறுவல் விருந்து பரிமாறினார். தலைக்கு 65 சென்ட். கூட்டம் பெருகியது. மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவர் கணவர் வால்ட்டர் நாட், 1940-ல் பக்கத்திலேயே ஒரு பழைய காலத்து ஊரைக் கட்டத் தொடங்கினார். அதுதான் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற தீம் பார்க்காக வளர்ந்தது. அன்று சாப்பாட்டுக்காக நின்றவர்களுக்குப் பொழுதுபோக்கு வந்தது; இன்று பொழுதுபோக்குக்காக நிற்பவர்களிடம் சாப்பாடு விற்கப்படுகிறது. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் தொடங்கிய நாளில் எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம் வந்து, உணவும் பானமும் தீர்ந்துபோயின. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டையும் நேரத்துக்கு முடிக்க முடியாத நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளைகளோடு வெளியூர் போய்வந்த யாரும் அந்த முடிவில் குற்றம் காண மாட்டார்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பற்றிய விதி பூங்காவுக்குப் பூங்கா மாறும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் சொந்தத் தின்பண்டத்தைக் கொண்டுபோகலாம். இந்தியாவின் பெரிய தனியார் பூங்காக்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கைக்குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. திரையரங்குகளில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரி 3 அன்று, வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு, ஆனால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், குழந்தைகளுக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஒருவர் ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி கேட்டார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறதோ என்ற ஐயம் பல பெற்றோர்களுக்கு வந்திருக்கும்.

சாப்பாட்டுத் திட்டத்தைப் பயின்று பார்க்க மைசூர் பொருத்தமான ஊர். கே.ஆர்.எஸ். சாலையில் ஜி.ஆர்.எஸ். ஃபேன்டசி பார்க், நகருக்குள் விலங்குக் காட்சிசாலை, அரண்மனைக்கு எதிரே தசரா பொருட்காட்சி, கே.ஆர்.எஸ். அணைக்கட்டில் பிருந்தாவன் தோட்டம், பெங்களூர் போகும் வழியில் பிடதியில் 2005-ல் திறந்த வொண்டர்லா என ஒரு குடும்பத்தின் நான்கு நாள் சேமிப்பைக் கரைக்க எல்லா ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தங்க ஏற்ற இடம் தேவராஜ மொஹல்லா. சயாஜி ராவ் சாலை, தன்வந்திரி சாலை, தேவராஜ மார்க்கெட், சின்ன மணிக்கூண்டு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. காலையும் இரவும் இங்கே சாப்பிட்டு, மதியத்தை மட்டும் பூங்காவிடம் ஒப்படைப்பது செலவைக் குறைக்கும் வழி.

காலை டிபன் எட்டு மணிக்குள் முடிய வேண்டும். கர்நாடகத்துச் சிறு ஓட்டல்களில் நின்று சாப்பிடும் முறை பரவலாக உண்டு. மார்பளவு உயரத்தில் வட்ட மேசை இருக்கும். பெரியவர்களுக்கு அது வசதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தலை உயரம் என்பதால், தட்டுக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது, ஊட்டுவதைத் தின்னும். இந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. ஒரே தட்டில் ஒரு பக்கம் ரவா உப்புமாவும் மறுபக்கம் கேசரியும் வைத்துத் தரும் சௌசௌ பாத் இங்கே பிரசித்தம். வீட்டில் உப்புமாவைக் கண்டு அழும் பிள்ளையும், கேசரிக்குப் போகும் வழி உப்புமா வழியாகத்தான் என்று தெரிந்தால் சமாதானத்துக்கு வரும். சாம்பார் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பது அவசியம். இந்தப் பக்கத்துச் சாம்பாரில் வெல்லம் இருக்கும். தட்டு வந்ததும், “ஏண்டி, பாயசத்தை எதுக்கு இட்லி மேல ஊத்தியிருக்கான்?” என்று பாட்டி மருமகளைக் கேட்பார். மருமகள் சட்னியை நகர்த்தி வைப்பார். “பசங்க காதுல விழுந்தா அவங்களும் சாப்பிட மாட்டாங்க, அத்தே” என்பது அந்த நகர்த்தலின் பொருள்.

காலையில் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை நாக்கைக் கேட்காமல் உள்காதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். உடல் சுழல்வதாக உள்காது சொல்லி, கண் அதற்கு ஒத்துவராத சேதியைச் சொல்லும்போதுதான் குமட்டல் வருகிறது. 2 வயதுக்குக் கீழே இது அரிது. 2 முதல் 12 வயதுக்குள் மிகுதி. தீம் பார்க்குகள் யாரைக் குறிவைத்துக் கட்டப்படுகின்றனவோ அதே வயது. சத்தியமங்கலம் வழியாக வரும் குடும்பங்கள் இதைத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலேயே இலவசமாகச் சோதித்துப் பார்த்துவிடலாம். எந்தப் பிள்ளை எந்த வளைவில் ஜன்னல் பக்கம் நகர்ந்ததோ, அதைப் பொறுத்து அதன் நெய் தோசையைக் குறைப்பது முறை. வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. இஞ்சி மரப்பா பலருக்குக் கைகொடுக்கிறது. சாப்பிட்ட கையோடு ராட்சத ராட்டினத்தில் ஏறுவது, கீழே நிற்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கட்டுச்சோறு விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நீண்ட பயிற்சி உண்டு. புளியோதரை கெடாமல் நிற்பதற்குப் புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் காரணம். தயிர்ச்சாதத்தைத் தயிரில் பிசையாமல், சாதத்தில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கட்டினால், மதியத்துக்குள் உறைந்து புளிக்காமல் இருக்கும். இத்தனை அறிவும் பூங்கா வாசலில் பையைத் திறந்து காட்டும் இடத்தில் முடிந்துவிடும். அங்கே மூன்று வழிகள் உண்டு. பொட்டலத்தை வண்டியில் வைத்துவிட்டு மதியம் வெளியே வரலாம் என்பது முதல் வழி. வெளியே போனால் மீண்டும் உள்ளே விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தயிர்ச்சாதம் நாலு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலிலேயே தின்று தீர்ப்பது இரண்டாம் வழி. காலை பத்தரை மணிக்கு, இரண்டு டிபனுக்குப் பிறகு, வேனின் பின்கதவைத் தூக்கிவைத்து, ஆளுக்கொரு உருண்டையாகப் பாட்டி கையில் வைக்க, முழுக் குடும்பமும் ஒன்றும் பேசாமல் புளியோதரை விழுங்கும் காட்சியை வாகன நிறுத்தங்களில் காணலாம். கட்டாமலேயே வருவது மூன்றாம் வழி. பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகளில் அது நடைமுறைக்கு வருவதில்லை.

உள்ளே மதியச் சாப்பாட்டின் நேரம்தான் திட்டத்தின் உயிர்நாடி. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ஊரே ஃபுட் கோர்ட்டில் இருக்கும். வேவ் பூலும் சறுக்குகளும் காற்று வாங்கும். ஆகவே பதினொன்றரைக்கு முந்திச் சாப்பிடுவது, அல்லது இரண்டு மணிக்குப் பிந்திச் சாப்பிடுவது சிறந்தது. கூட்டம் சாப்பிடும்போது விளையாடி, கூட்டம் விளையாடும்போது சாப்பிட்டால் இரண்டு க்யூவும் மிச்சம். இந்தத் தத்துவத்தை எல்லாக் குடும்பத் தலைவர்களும் அறிவார்கள் என்பதால் பதினொன்றரைக்கு ஃபுட் கோர்ட்டில் அவர்கள் அத்தனை பேரையும் பார்க்கலாம். வந்ததும் ஒருவர் மேசையைப் பிடிக்கவும் ஒருவர் கூப்பன் வாங்கவும் பிரிந்துவிட வேண்டும். என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பதைத் தவிர்க்கலாம். எந்த மாநிலத்துப் பூங்காவாக இருந்தாலும், பட்டியலில் நாற்பது பண்டம் இருந்தாலும், பதில் நூடுல்ஸ்.

நீர் விளையாட்டுக்குப் பிறகு வரும் பசி தனி ரகம். குளிர்ந்த நீரில் ஊறிய உடலுக்குப் பசி கூடும் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. அதைத் தீர்ப்பதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. பணமும் போனும் லாக்கரில் இருக்கும். லாக்கர் சாவி அம்மாவின் மணிக்கட்டில் இருக்கும். அம்மா பெண்களுக்கான குளத்தில் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துப் போனை எடுத்துவந்தால், நீரில் ஊறிச் சுருங்கிய அப்பாவின் கட்டைவிரலை அந்தப் போன் யாரோ அந்நியன் என்று ஒதுக்கும். நைலான் உடையில் சட்டைப்பையும் கிடையாது. துடைத்துக்கொள்ளத் துணியும் இல்லை. இதற்கெல்லாம் ஒரே தீர்வு, ரைடு எதிலும் ஏறாமல் கரையில் நனையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, நாள் முழுவதும் ஒன்பது செருப்புகளுக்கும் மூன்று பைகளுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் பாட்டியின் முந்தானை முடிச்சில் இருக்கும் இருநூறு ரூபாய்க்கு விரல் ரேகை வேண்டாம்.

1892-ல் பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைக்குத் திட்டம் வேறு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே குமட்டல் இல்லை, நடை உண்டு. நடைக்குத் தேவை தண்ணீரும் பழமும். முந்தின மாலையே தேவராஜ மார்க்கெட்டில் நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற பழம். தோலே உறை என்பதால் பிளாஸ்டிக் தொல்லையும் இல்லை. உள்ளே விலங்குகளுக்குத் தின்னக் கொடுப்பது குற்றம். சாமுண்டி மலையில் நிலைமை தலைகீழ்: அங்கே குரங்குகள் கொடுக்கும்வரை காத்திருப்பதில்லை.

தசரா பொருட்காட்சி 1880-லேயே தொடங்கிய மரபு. தசராவோடு ஆரம்பித்து மாதக்கணக்கில் நடக்கும். ராட்டினம் ஒருபுறம் இருந்தாலும் பிள்ளைகள் போவது டெல்லி அப்பளத்துக்காக. பெரிய தட்டைவிட அகலமான அப்பளத்தைப் பொரித்து, எண்ணெய் மின்னும்போதே சிவந்த மசாலாத் தூளைத் தூவித் தருவார்கள். இரண்டு கையாலும் பிடித்தால் எதிரே வருபவர் தெரியமாட்டார். “ஆளுக்கொண்ணு வேணாம், ஒண்ணை உடைச்சுப் பங்கு போட்டுக்கலாம்” என்று அப்பா சொன்ன இடத்தில்தான் சண்டை தொடங்கும். அப்பளம் எப்போதும் சமமாக உடைவதில்லை. வண்ணத்தைப் பொறுத்தவரை ஒரு சட்டச் செய்தி உண்டு. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அத்தகைய பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. மார்ச்சில் கர்நாடகம் சாயம் போட்ட பஞ்சுமிட்டாயோடு, செயற்கை நிறமேற்றிய கோபி மஞ்சூரியனையும் சேர்த்துத் தடுத்தது. சாயமில்லாத வெள்ளைப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை இல்லை. ஆனால் ரோஜா நிறம் இல்லாத பஞ்சுமிட்டாயை ஏற்கும் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பதால், செலவு தானாகக் குறைகிறது. தசரா நாட்களில் தனியே நடக்கும் ஆஹார மேளா என்ற உணவுத் திருவிழாவில் பழங்குடியினர் மூங்கிலுக்குள் சமைக்கும் பிரியாணி, பெரியவர்களுக்கான ஆறுதல்.

பிருந்தாவன் தோட்டத்தில் இசை நீரூற்று இருட்டிய பிறகுதான் ஆடும். அது முடிந்து நகருக்குத் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். எழுப்பி ஊட்டுவதா, விடுவதா என்பது தம்பதியர் இன்றுவரை தீர்க்காத விவாதம். போகும் முன்பே மாலை ஆறு மணிக்குப் பொரியில் செய்த சுருமுரியோ இட்லியோ கொடுத்துவிட்டால் விவாதத்துக்கு இடமில்லை. பெரியவர்கள் மொஹல்லாவுக்குத் திரும்பிக் காந்தி சதுக்கப் பக்கம் வாழையிலையில் சாப்பிடலாம். அந்த நேரத்தில் சாம்பாரின் வெல்லத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஊர் திரும்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா உருவாக்கியதாகச் சொல்லப்படும் மைசூர்பாகை, அவர் வழிவந்தவர்கள் சயாஜி ராவ் சாலையில் குரு ஸ்வீட் மார்ட்டில் இன்றும் விற்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கென்று வாங்கும் பெட்டியை, பை அடுக்கும்போது ஆக அடியில் வைப்பது நல்லது. அவசரத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டுகள் அதற்கு மேலே, கைக்கு எட்டும்படி இருக்கட்டும். வீடு வந்து சேரும்போது பிஸ்கட் உடையாமல் அப்படியே இருக்கும். பெட்டி காலியாக இருக்கும்.