லாக் புணரியல்: ஓர் ஆய்வு

சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பெயர். எங்கே எழுத வேண்டும் என்று நாம் ஒன்றும் சொல்லாதபோது அது தானாகப் போய்ச் சேரும் இடம் டீஃபால்ட். இலக்கணத்தார் இதை இயல்பு என்பர். மாறினால் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பது நன்னூல் படித்த பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நான்காவது ஒன்றைத் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் பல இரவு ஷிஃப்ட் தேடியும் கண்டிலேன்.

தோன்றலால் எவரும் அழுததில்லை, டிஸ்க் நிறையும் வரை.

கெடுதலுக்குச் சான்று டெபியன் 12 என்ற இயங்குதளம். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காகச் செய்த சிஸ்லாக்கின் வழிவந்த பழக்கம், லாக் என்றால் 'வார் லாக்' அடைவில் சிஸ்லாக் என்ற கோப்பு. 2023 ஜூனில் வந்த இந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் கூட வராது. கோப்பும் இராது. எல்லாம் ஜர்னல் என்ற வேறொரு லாக் சேமிப்புக்குள் போய்விடும். இது தெரியாமல் ஒரு நள்ளிரவில், எவனோ உள்ளே புகுந்து தடயத்தை அழித்துவிட்டான் என்று மேலாளரை எழுப்பினேன். "ஜர்னல்ல பாருப்பா" என்று போனை வைத்துவிட்டார்.

திரிதலுக்குச் சான்று கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30இல் அங்கே முனையம் திறந்த பிறகு, தெற்கே போகும் பேருந்துகள் புறப்படும் இடம் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறியது. என் மாமாவுக்குச் சேலையூரில் வீடு. ஜன்னல் சீட்டுக்காகக் கோயம்பேடு வரை போய் ஏறுவது அவர் வழக்கம். செய்தித்தாளில் படித்து எல்லாருக்கும் சொன்னவரும் அவரே. ஆனாலும் பொங்கலுக்கு அடுத்த மாதம் பெட்டியோடு கோயம்பேட்டில் போய் நின்றார். திரும்பித் தாம்பரத்தைத் தாண்டித்தான் கிளாம்பாக்கம் போனார். அறிவு புதிய டீஃபால்ட்டில், கால் பழையதில்.

இனி நுட்பமான இடம். ஜர்னலுக்கு நெடுங்காலமாக இருந்த டீஃபால்ட் 'ஆட்டோ': ஜர்னல் என்ற அடைவு டிஸ்கில் இருந்தால் அங்கே எழுதும், இல்லையேல் மெமரியில் வைத்துக்கொள்ளும், ரீபூட் ஆனால் போயிற்று. இதற்கு உரை வேண்டுவோர் எங்கள் வீட்டுக்கு வரலாம். சுவரில் பில் குத்தும் கம்பி தொங்கினால் கரண்ட் பில் ரசீது அதில் ஏறும். வெள்ளையடிக்கக் கம்பியைக் கழற்றினால் ரசீது சட்டைப்பையில் இருக்கும். சட்டை வாஷிங் மெஷினுக்குப் போகும் நாளே ரீபூட்.

டீஃபால்ட்டை மாற்றுகிறவர் என்ன செய்ய வேண்டும்? டெபியன்காரர்கள் செய்ததே சரி என்பது என் துணிபு. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்களின் ஆர்சிஸ்லாக்கை அவர்கள் தொடவில்லை. குடியிருப்பவருக்குப் பழைய வழி, புதுக்குடி வருவோருக்குப் புதிய வழி. அதோடு, போன இடத்தைச் சொல்லும் ஒரு சீட்டைப் பழைய வாசலில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதியும் வகுத்து, அந்தச் சீட்டை அவர்கள் மறந்தார்கள் என்று எழுத இருந்தேன்.

சரிபார்க்க அந்த சர்வரைத் திறந்தேன். 'வார் லாக்' அடைவிலேயே 'ரீட்மி' என்று ஒரு கோப்பு. லாக்கைத் தேடி வந்தவர் ஜர்னலில் பார்க்கும் வழி அதில் எழுதியிருக்கிறது. அன்று நள்ளிரவும் அது அங்கேதான் இருந்தது.