சத்தமா, சத்தா?

வா கண்ணு, உக்காரு. உங்க தாத்தன் வாங்கி வெச்சுட்டுப் போன 1947 செவர்லே ஃப்ளீட்மாஸ்டருக்கு ரெட்டைச் சைலன்சர் மாட்டப் போறியாமா? நல்ல காரியம். ஊட்டுல சம்சாரத்துகிட்ட பெட்ரோல் மிச்சமாகும்னு சொல்லியிருக்கறே. சேக்காளிககிட்ட குதிரை சக்தி ஏறும்னு அளந்திருக்கறே. உங்கப்பன்கிட்டப் பழைய குழாய் துருப்பிடிச்சுப் போச்சுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கறே. மூணு பேருக்கு மூணு காரணம் சொன்னவன், எஞ்சினை ஒரு வார்த்தை கேட்டியா?

கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும். 216 கன அங்குலம், நம்ம கணக்குல மூணரை லிட்டர், ஆறு சிலிண்டர். 90 குதிரை. அதுவும் நிமிஷத்துக்கு 3300 சுத்து சுத்தினாத்தான். ஆனா இழுவை கீழ்ச் சுத்துலயே வந்து நின்னுக்கும். டாப் கியர்ல போட்டுட்டு மாட்டு வண்டிக்குப் பின்னாலயே ஊருபூராப் போலாம், ஒரு உதறல் இருக்காது. 1929 மாடலுக்கு இந்தக் குடும்பத்து எஞ்சினை அமெரிக்காக்காரன் கொண்டாந்தப்ப, நாலு சிலிண்டர் விலையில ஆறு சிலிண்டர்னுதான் விளம்பரம் பண்ணினான். சல்லிசு, சாந்தம், ரெண்டும்தான் அவன் வித்தது. அந்தச் சாந்தத்தைத்தான் நீ காசு குடுத்துக் கழட்டப் போறே.

அடிவயித்தைக் கொஞ்சம் பாரு. மெயின் பேரிங்குக்குத்தான் ஆயில் அழுத்தத்துல போவுது. கனெக்டிங் ராடுக்கு? ராடு மூடிக்கு அடியில சின்னதா ஒரு கரண்டி இருக்குது. அது ஆயில்ல முங்கி முங்கித் தானே மொண்டுக்கோணும். பேரிங்கும் ஒயிட் மெட்டல் ஊத்திச் சீவினது. கம்பெனிக்காரனே 1954-லதான் எல்லாக் காருக்கும் ராடு வரைக்கும் அழுத்தத்துல ஆயில் போற மாதிரி 235 எஞ்சினைக் குடுத்தான். உன்ரது அதுக்கு முந்தினது.

இப்ப ரெட்டைக் குழாய் எந்த இடத்துல பலன் குடுக்குமின்னு கேளு. சுத்து ஏற ஏறத்தான். புகை எச்சாச் சேர்ந்து நெருக்கியடிக்கிற அந்த மேல் சுத்துலதான் அகலமான வழி உபகாரம். அந்தச் சுத்துல அரை மணி நேரம் மிதிச்சுப் பிடிச்சீன்னா ஒயிட் மெட்டல் தேஞ்சு ராடு டொக்கு டொக்குன்னு தட்ட ஆரம்பிக்கும். நீ மாட்டின சைலன்சர் சத்தத்துல அது உனக்குக் கேக்காது. நிம்மதியா ஓட்டலாம். அந்தச் சைலன்சர் செய்யிற பெரிய உபகாரம் அதுதான்.

இன்னொண்ணு. உள்ள போனதுதான் வெளிய வரோணும். உன்ர காருல மேல உக்காந்திருக்கறது ஒத்தைத் தொண்டைக் கார்ட்டர் கார்பரேட்டர். ஜாகுவார் ஈ-டைப்புக்கு 1961-லேயே கம்பெனியில ரெட்டைக் குழாய் விட்டான்னு எனக்குப் படத்தைக் காட்டாதே. அவன் மூணு கார்பரேட்டர் வெச்சு, ரெண்டு கேம் ஷாஃப்டை மண்டையில ஏத்தி, 265 குதிரைன்னு எழுதி வித்தவன். அவனுக்கு வெளிய தள்ள ஏதோ இருந்துச்சு.

சரி, கழட்டத்தான் போறேன்னா எப்படிக் கழட்டறதுன்னு சொல்லித் தாரேன். முதல்ல பொறுமையை ஊட்டுலயே வெச்சுட்டு வா. எழுபது எண்பது வருசமா வெந்து தணிஞ்ச நட்டுக, அதுகளுக்கு முந்தின நாள் ராத்திரி ஆயில் ஊத்தி ஊற வெக்கறதெல்லாம் கிழவனுக பண்ற வேலை. நீ பெரிய பைப்பைச் சொருகி ஒரே தம்முல திருகு. ஸ்டட்டு ஹெட்டுக்குள்ளயே முறியும். முறியட்டும், லேத்துக்காரனும் பொழைக்கோணுமில்ல? அப்புறம் மேனிபோல்டைச் சுத்தியால ரெண்டு போடு. வார்ப்பிரும்பு, அழகாக் கீறல் விடும். அதை வெல்டிங் வெக்கறேன்னு ஒருத்தன் வருவான். சூடு காட்டாம வெச்சுக் குடுத்துட்டுப் போவான். ரெண்டாம் வாரம் அந்தக் கீறலுக்குப் பக்கத்துலயே ஒரு தம்பிக் கீறல் பொறக்கும்.

ஏதோ தப்பித் தவறிப் பொறுமையாக் கழட்டிப்போட்டீன்னா, திருப்பி மாட்டறதுலயாவது கோட்டை விடு. இந்த எஞ்சின்ல காத்து போற மேனிபோல்டும் புகை வர்ற மேனிபோல்டும் நடுவுல ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்குது. ரெண்டையும் மேசைமேல வெச்சு இறுக்கிப்போட்டு அப்புறம் ஹெட்டுல வெச்சா மூஞ்சி ஒரே மட்டத்துல உக்காராது. மாட்டற முறை என்னன்னா, நடு போல்ட்டைத் தொளதொளன்னு விட்டு, ரெண்டையும் ஹெட்டுல படிய வெச்சு இறுக்கி, கடைசியாத்தான் நடுவை இறுக்கோணும். நாலு நாள் ஓட்டிட்டு, ஆறின பொறகு மறுபடி ஒரு தடவை பாத்துக்கோணும். நான் பாத்த மேனிபோல்டுல பாதி இந்த ஒரு அவசரத்துலதான் செத்துச்சு.

ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் பின்னால படபடன்னு வெடிக்குதுன்னு பெருமையாச் சொன்னியே, ரேஸ் கார் மாதிரின்னு? அது ரேஸ் இல்லை கண்ணு, கேஸ்கெட் போயிருக்குது. ஓட்டையில வெளிக்காத்து உள்ள போயி, வேகாத பெட்ரோலோட குழாய்க்குள்ள கூடி வெடிக்குது. காலையில எஞ்சின் ஆறிக் கெடக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி, பின் குழாயை ஈரத்துணியால கொஞ்ச நேரம் பொத்திப் பாரு. மேனிபோல்டு பக்கம் புஸ்ஸுன்னு சத்தம் வந்தா அங்கதான் சோலி. இதைச் சிரிப்பாச் சொல்லலை. ஃப்ளோர் போர்டுல பழைய ரப்பர் எல்லாம் விட்டுப்போன காரு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவு பக்கத்துலயே குழாயை முடிச்சு ஸ்டைலாத் திருப்பி உடறானுக பாரு, அந்த வேலை மட்டும் என் காதுல உழக்கூடாது. குழாய் வண்டி வாலைத் தாண்டிப் போகோணும். பின் சீட்டுல குழந்தைக உக்காருது.

அப்புறம் அந்த மேனிபோல்டு வயித்துல ஒரு கதவு இருக்குது, சுருள் தகடும் எடைக் குண்டும் வெச்சு. பாத்திருக்க மாட்டே. எஞ்சின் குளிரா இருக்கறப்ப அது புகையை மேல திருப்பிக் கார்பரேட்டருக்கு அடியைச் சூடு பண்ணும். பெட்ரோல் நல்லா ஆவியாகி உள்ள போவும். சூடானதும் தானாத் திறந்துக்கும். நம்மூர்ல முக்காவாசிக் காருல இது கரி புடிச்சு ஒரே பக்கம் நின்னு போயிருக்கும். மூடினபடி நின்னுடுச்சுன்னா மத்தியான வெயில்ல மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள எஞ்சின் மூச்சு வாங்கும். நீ உடனே சைலன்சர் அடைப்புன்னு முடிவு கட்டிப்போடுவே. கதவைக் கையால ஆட்டிப் பாரு, ஆடலைன்னா ஆயில் உட்டு ஆட்டி ஆட்டி வழிக்குக் கொண்டா. பைசா செலவில்லாத அப்கிரேடு. ஆனா செலவில்லாததை யாருகிட்டப் போயிப் பீத்திக்கறது? அதே கதவைத் தூக்கிப்போட்டு, மேனிபோல்டுக்குப் பதிலா ஹெட்டர் மாட்டினீன்னா கோயமுத்தூருல ஒண்ணும் தெரியாது. டிசம்பர்ல ஊட்டியில விடியக்காலம் ஸ்டார்ட் பண்றப்பத் தெரியும்.

அடைப்பு உண்மையிலேயே இருக்குதான்னு பாக்கோணுமா? வேக்கம் கேஜ் ஒண்ணு மாட்டு. ஐடிலிங்ல முள்ளு 18, 20-க்கிட்ட ஆடாம நிக்கோணும். அப்புறம் 2000 சுத்துக்கு ஏத்திப் பிடி. முள்ளு திரும்பி வந்து நின்னா குழாய் சுத்தம். கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே போனா அடைப்பு. அஞ்சு நிமிஷ வேலை. உன்ர சேக்காளிக மூணு மாசமா டீக்கடையில பேசறதை முள்ளு அஞ்சு நிமிஷத்துல சொல்லிப்போடும்.

என்னது, மூஞ்சி சுண்டிப்போச்சு? சரி, ஒத்துக்க. உனக்கு வேணுங்கறது சத்தம். அதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? சத்தத்துக்குன்னு வந்தா நானும் உன் கட்சிதான். லைன்ல நிக்கற ஆறு சிலிண்டர் சத்தம் கேக்க வேண்டியதுதான். வெடிக்கிற வரிசை 1-5-3-6-2-4. எண்ணிப் பாரு: முன்னாடி மூணுல ஒண்ணு, பின்னாடி மூணுல ஒண்ணு, மாறி மாறி வெடிக்குது. முன் மூணுக்கு ஒரு குழாய், பின் மூணுக்கு ஒரு குழாய்னு பிரிச்சா ஒவ்வொரு குழாய்லயும் சம இடைவெளியில மூச்சு வருது, ஒண்ணோட ஒண்ணு முட்டறதில்லை. இந்த ஹெட்டுல புகை வாசல் நாலுதான். 2-ம் 3-ம் ஒரே வாசல், 4-ம் 5-ம் ஒரே வாசல். அதனால நடுவுல பிரிக்கறதுக்கு ஆண்டவனே கோடு போட்டு வெச்ச மாதிரி இருக்குது. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச காலத்துல அமெரிக்காப் பசங்க இதைத்தான் பண்ணினாங்க. ஃபென்டன்னு ஒருத்தன் வார்ப்பிரும்புலயே இந்த எஞ்சினுக்கு ரெண்டு துண்டு ஹெட்டர் போட்டு வித்தான். மாட்டினா அதே வார்ப்பிரும்புச் சாதியா மாட்டு. மெல்லிசுத் தகரக் குழாய் கணகணன்னு பாத்திரக்கடைச் சத்தம் போடும், பானெட்டுக்குள்ள சூட்டையும் கொட்டும்.

குழாய் அளவுலதான் நம்ம பசங்க மானத்தை வாங்குவானுக. ஒண்ணரை அங்குலத்துல ரெண்டு போட்டாவே ரெண்டு அங்குலத்துக்கு மேல ஒத்தைக் குழாய் போட்ட பரப்பு வந்துடுது. 90 குதிரைக்கு அது தாராளம். ரெண்டு ரெண்டு அங்குலமா ரெண்டு போட்டீன்னா வாய்க்கால் தண்ணிக்கு ஆத்து மதகு வெச்ச கணக்குதான்: புகை வேகம் செத்து, கீழ்ச் சுத்துல இருந்த அந்த இழுவையும் போயிடும். கண்ணாடிப் பஞ்சு அடைச்ச சைலன்சர் வேணாங்கலை. ஆனா பஞ்சு எரிய எரியச் சத்தம் வருசா வருசம் ஏறும். முதல் நாள் கேட்டுச் சொக்கிப்போயிடாதே.

ஸ்டெயின்லெஸ் போடறேன்னு சொன்னே. போடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி புகையோட வருது. டீக்கடைக்குப் போயிட்டுத் திரும்பற வண்டியில அந்தத் தண்ணி காயாம சைலன்சருக்குள்ளயே கெடந்து உள்ளிருந்து அரிக்கும். இரும்புக் குழாய் துருப்பிடிச்சது உங்க தாத்தன் குத்தமில்லை, நீ டீக்கடையைத் தாண்டாத குத்தம். ஆனா 304-ன்னு சொல்லி 202-ஐத் தலையில கட்டுவாங்க. காந்தம் வெச்சுப் பாத்தேன் ஒட்டலைன்னு வந்து நிக்காதே, ரெண்டுலயும் பெரிசா ஒட்டாது. பில்லுல கிரேடு எழுதி வாங்கு. எழுத மாட்டேன்னு சொல்றவன்கிட்ட வாங்காதே. வளைவைத் தட்டி நசுக்காம உள் விட்டம் குறையாத மாதிரி வளைக்கச் சொல்லு. தொங்கவிடற இடமெல்லாம் ரப்பர் இருக்கோணும். எஞ்சின் ஆடறப்பக் குழாயும் கூட ஆடலைன்னா கீறல் திரும்ப மேனிபோல்டுக்குத்தான் வரும்.

கடைசியா ஆபீஸ் சமாச்சாரம். சைலன்சர் இல்லாம வண்டி ஓட்டறது மோட்டார் வாகன விதிப்படி குத்தம், வயசான காருக்கும் சலுகை இல்லை. 2021-ல ஐம்பது வருசத்துக்கு மேல ஆன வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டாந்தாங்க. VA-ன்னு எழுத்து போட்ட நம்பர், புதுசாப் பதியறதுக்கு 20,000 ரூபாய். அதுக்குக் காரு மூல வடிவத்துல இருக்கோணும், சேசிஸ்லயும் பாடியிலயும் எஞ்சின்லயும் பெரிய கை வெச்சிருக்கக் கூடாது. உன்ர ஹெட்டர் அதுல சேருமா சேராதான்னு ஆபீசர்கிட்ட நின்னு வாதாடறதுக்கு உனக்கு நேரம் இருக்கும், எனக்கு இல்லை.

அதனால ஒண்ணே ஒண்ணு கேளு. பம்பாய் செவ்ரியில பூட்டி வந்த காரு அது. 1954-ல அந்தப் பட்டறையே மூடியாச்சு. கழட்டின மேனிபோல்டைக் காயலான் கடைக்குப் போடாதே. கரியைச் சுரண்டி, ஆயில் தடவி, சாக்குல சுத்தி, நட்டு போல்ட்டெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு, என்ர பட்டறை அட்டாலியில கொண்டாந்து வெச்சுட்டுப் போ. வாடகை கேக்க மாட்டேன்.