கங்கை கொண்டவரும், வராமலே போன செங்கல் சுவரும்

ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் போய் வாருங்கள். மேனேஜ்மென்ட் புத்தகங்கள் மறைக்கிற எல்லாமே அந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

1023 வாக்கில் கங்கைப் படையெடுப்பு முடிந்தது. 'கங்கைகொண்டான்' என்று பட்டம் போட்டுக்கொண்டவர் ராஜேந்திர சோழர். சரி, கங்கைக்குப் போனது யார்? அவருடைய தண்டநாயகர், அதாவது தளபதி! திருவாலங்காட்டுச் செப்பேடே போட்டு உடைக்கிறது: தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீரைச் சுமக்கவைத்துத் தளபதி திரும்பி வர, மன்னர் கோதாவரிக் கரையில் வரவேற்றார். புராஜெக்ட் முடிந்ததும் ஏர்போர்ட்டுக்கு மாலையோடு வருகிற பாஸ், அப்போதே இருந்திருக்கிறார்!

மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் அந்தத் தளபதியின் பெயரைத் தேடிப் பாருங்கள். கண்ணாடி போட்டுத் தேடினாலும் கிடைக்காது. தண்ணீர் சுமந்த ராஜாக்களுக்கு டி.ஏ. கொடுத்ததாகவும் தகவல் இல்லை.

வந்த நீரை 'சோழகங்கம்' என்ற ஏரியில் ஊற்றினார்கள். இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். நீராலேயே எழுப்பிய வெற்றித் தூண் என்று செப்பேடு பெருமைப்படுகிறது. நியாயமான பெருமைதான். ஆனால் மைல் கணக்கில் கரை நீளும் ஏரி குடத்துத் தண்ணீரில் நிரம்புமா? மீதியைக் கொள்ளிடத்து வாய்க்காலும் மழையும் பார்த்துக்கொண்டன. பிராண்டு கங்கை, சப்ளை கொள்ளிடம்.

கிண்டல் போதும். ஒப்பந்தம் என்று வந்தால் சோழர்கள் அசகாய சூரர்கள். கோயிலில் அணையா விளக்கு எரிய வேண்டுமா? 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். தினமும் ஓர் உழக்கு நெய் வந்தாக வேண்டும். எத்தனை நாளைக்கு? சூரியனும் சந்திரனும் உள்ள வரைக்கும்! ரின்யூவல் தொல்லையே கிடையாது. பழுவூர்ப் பக்கத்துக் கோயில்களிலும் இப்படி விளக்குக்காகத் தானம் எழுதிவைத்த கல்வெட்டுகள் உண்டு.

அசல் ஆப்பு ஆடுகளின் பெயரில் இருந்தது: 'சாவா மூவாப் பேராடு'. அதாவது இந்த ஆடுகள் சாகாது, கிழடும் ஆகாது! ஆட்டுக்குக் கோமாரி வந்தாலும், ஓநாய் தூக்கிப் போனாலும் கணக்கில் 96தான். குட்டிகளை வளர்த்து ஈடுகட்டுவது இடையர் பாடு. 'இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் வித்தையை, பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நிலம் கொடுப்பது இன்னும் தமாஷ். நாகப்பட்டினம் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்த கதை இது. அரசர் வாயால் சொல்ல, ஓலை எழுதுபவர் எழுத, ஓலை நாயகம் சரிபார்க்க, விடையில் அதிகாரி, புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை... மூச்சு வாங்குகிறதா? இத்தனை பேர் கையைத் தாண்டினால்தான் ஃபைல் நகரும். கடைசியில் ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். 'என் வரப்பில் ரெண்டடி தள்ளி நட்டுட்டீங்க' என்று யானையிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

இவ்வளவு முறையாக நடந்த வேலையில் ஒரு சின்னத் தாமதம். ஆணை போட்டது ராஜராஜர், தம் 21ஆம் ஆட்சியாண்டில். செப்பேட்டில் வெட்டி முடிப்பதற்குள் அவர் சொர்க்கம் போய்விட்டார். மகன் ராஜேந்திரர்தான் 21 தகடுகளில், சுமார் 30 கிலோ எடையில், வேலையை முடித்துக் கொடுத்தார். ஹெச்.ஆரில் ஆஃபர் லெட்டர் லேட் என்று புலம்புகிறவர்கள் கவனிக்கவும்.

இனி எண்ணூறு வருஷம் தாவுவோம். 1836. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் பொறியாளர் ஆர்தர் காட்டனின் கீழணை எழும்புகிறது. பாசனத்துக்கு அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் கல்? பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் ரெடிமேடாக நின்றது! இடித்து எடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திரரின் கல், ஆற்று வேலைக்கு ஆன்சைட் போனது.

ஊர் மக்கள் மறித்தார்கள். சமாதானமாக ஒரு வாக்குறுதி கிடைத்தது: 'கல் மதிலுக்குப் பதிலாக செங்கல் மதில் கட்டித் தருகிறோம்.' செப்பேடு இல்லை, கள்ளி நடவில்லை, யானை நடக்கவில்லை. 1855இல் ஓர் ஆங்கில இதழ் வருத்தத்தோடு குறித்து வைத்தது: அந்தச் சுவர் கட்டப்படவே இல்லை. மறித்தவர்களுக்கு அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனை மட்டும் கரெக்டாக டெலிவரி ஆகியிருந்தது.