சேனல்காரர்

முன்பெல்லாம் தெருவுக்கு ஓர் எல்.ஐ.சி. ஏஜெண்ட் இருப்பார். அவர் எதிரே வருவது தெரிந்தால் செருப்பு வார் அறுந்துபோன மாதிரி குனிந்துகொண்டு தப்பித்துவிடலாம். அந்த இடத்துக்கு இப்போது யூட்யூப் சேனல்காரர் வந்துவிட்டார். இவரிடம் குனிந்தாலும் பயனில்லை. "சார், அப்படியே இருங்க, நேச்சுரலா இருக்கு" என்று போனைத் தூக்கிவிடுவார்.

சேனல்காரர் சேலத்திலும் இருக்கிறார், செங்கோட்டையிலும் இருக்கிறார். வேலை தேடும் இருபத்தைந்து வயதும் உண்டு, விருப்ப ஓய்வு வாங்கிய ஐம்பத்தாறு வயதும் உண்டு. நான் சொல்லவந்தது இரண்டாம் ரகம். கையில் கொஞ்சம் பணம், நிறைய நேரம், மாடியில் ஏழெட்டுத் தொட்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் மாடித்தோட்டச் சேனல் பிறந்தே தீரும்.

இவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே கன்டென்ட். மழை பெய்தால் "நல்ல கன்டென்ட்". மழையில் மாடிச்சுவர் ஊறிப்போனால் "ரெண்டு பார்ட்டா போடலாம்". பெரியப்பாவின் காரியத்துக்குப் போனவர், பந்தியில் உட்கார்ந்து வாழை இலையை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும் என்று ஒரு ஷார்ட்ஸ் எடுத்து வந்தார். பெரியம்மா இன்னும் அவருடன் பேசுவதில்லை. அந்த ஷார்ட்ஸ் 43 வியூஸ் போனது.

சேனல் ஆரம்பித்ததும் முதலில் வந்தது சாமான்கள்தான். காலர் மைக், ட்ரைபாட், ரிங் லைட். ரிங் லைட்டை நேர் எதிரே வைத்துப் பேசினால், மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு இரண்டு லென்சிலும் இரண்டு வெள்ளை வளையம் விழும். வேப்பம் புண்ணாக்கின் அளவைப் பற்றிப் பேசுகிற மனிதர் வேற்றுக்கிரகத்திலிருந்து தகவல் அனுப்புகிறவராகத் தெரிந்தார். விளக்கைக் கொஞ்சம் உயர்த்திச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும், செலவும் இல்லை. அவர் காண்டாக்ட் லென்ஸ் வாங்கப் போய்விட்டார்.

அடுத்து பச்சைத் துணி. பின்னால் பச்சையைக் கட்டிப் படம் எடுத்து, கைன்மாஸ்டர் செயலியில் அந்தப் பச்சையை நீக்கினால் பின்னணியில் ஊட்டியோ கொடைக்கானலோ வைத்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் மென்பொருளுக்குத் துணியின் பச்சை எது, செடியின் பச்சை எது என்று தெரியாது; பச்சை என்றால் பச்சை. கொடைக்கானல் மலையின் முன்னால் நின்றுகொண்டு, மண் மட்டும் இருக்கிற தொட்டியைக் காட்டி, "பாருங்க நண்பர்களே, என்ன ஒரு செழிப்பு!" என்று அவர் பேசும் வீடியோ இன்றும் சேனலில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு அதுதான்.

ஆடி மாதம் வந்தது. தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலை ஐந்துக்கே தொடங்கிவிடும். பூச்சி விரட்டி வீடியோவின் பின்னால் அம்மன் பாட்டு தெளிவாகப் பதிவாகி, யூட்யூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்துவிட்டது. இப்படி உரிமைக் கோரல் வந்தால் பெரும்பாலும் வீடியோவைத் தூக்க வேண்டியதில்லை. பாட்டின் உரிமைக்காரர் விரும்பினால் அதில் விளம்பரம் ஓடவிட்டு வரும்படியை எடுத்துக்கொள்வார். சேனல்காரர் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை, விளம்பரத்தை மட்டும்தான் பார்த்தார். "நம்ம வீடியோல விளம்பரம் வருது!" என்று வீடு வீடாகச் சொல்லி இனிப்பு கொடுத்தார். நானும் ஒரு மைசூர்பாகு சாப்பிட்டேன். நல்ல நெய்.

சாமான்கள் வீட்டில் இடம் கொள்ளாமல் போனதும் மென்பொருள் பக்கம் திரும்பினார். விட்ஐக்யூ, ட்யூப்படி என்று இரண்டு உண்டு. ப்ரௌசரில் சேர்த்துக்கொண்டால் எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், போட்டி எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுக் காட்டும். ஒன்றை வைத்துக்கொண்டு அளவாகப் பார்த்தால் உபயோகம் உண்டு. இவர் இரண்டையும் சேர்த்தார். இரண்டும் ஒரே தலைப்புக்கு இரண்டு விதமாக மார்க் போட்டன. தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒன்றை மாதச் சந்தாவில் வாங்கினார். அது இரண்டும் தப்பு என்றது.

டேக் பெட்டியில் 500 எழுத்து வரை போடலாம். டேகுகளுக்குப் பெரிய பங்கு கிடையாது, மக்கள் எழுத்துப்பிழையோடு தேடும் சொற்களுக்கு உதவும், அவ்வளவுதான் என்று யூட்யூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. சேனல்காரர் 500 எழுத்தையும் நிரப்பாமல் தூங்க மாட்டார். கறிவேப்பிலை வீடியோவுக்கு 'கறிவேப்பிலை', 'கருவேப்பிலை' வரை நியாயம். அதற்குப் பின்னால் தோனி, தளபதி, தங்கம் விலை, தீபாவளி பலகாரம் என்று வந்துகொண்டே இருக்கும்.

தங்கம் விலை வந்த கதை தனி. கூகுள் ட்ரெண்ட்ஸில், இணையத் தேடலை விட்டு யூட்யூப் தேடலை மட்டும் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. காசு கிடையாது, கணக்கும் தேவையில்லை. எந்த மாதத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, விதைக்கிற பருவத்துக்கு முன்பே விதை வீடியோ போட்டால் பலன் இருக்கும். அவருக்கு இதைக் காட்டிக்கொடுத்தவன் நான். அவர் 'மாடித்தோட்டம்', 'தங்கம் விலை' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். தங்கத்தின் கோடு உயரத்தில் இருந்தது. அடுத்த பதினைந்து நாள் சேனலில் கத்திரிக்காய் இல்லை, கிராம் விலைதான். செடிக்காக வந்திருந்த நாற்பது பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள்.

தம்ப்நெயில் அவருடைய தனிப் பிரியம். கேன்வாவில் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும். வாயைப் பிளந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்த ஒரு போட்டோவை மகள் எப்போதோ எடுத்துக் கொடுத்தாள். தங்கம் ஏறினாலும் அந்த வாய், இறங்கினாலும் அந்த வாய், செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தாலும் அதே வாய். பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. அம்பு எதைக் காட்டுகிறது என்று கேட்கக் கூடாது. ஒரு வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை கொடுத்தால் யூட்யூப் மாற்றி மாற்றிக் காட்டி, எது அதிக நேரம் பார்க்கவைத்தது என்று சொல்லும் வசதி 2024-ல் வந்தது. இவர் மூன்று கொடுத்தார். வாய் பெரிது, வாய் நடுத்தரம், வாய் சிறிது.

ஒரு நாள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சி.டி.ஆர். பதினொன்னு சார்!" எத்தனை பேர் கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் தொட்டார்கள் என்கிற விகிதம்தான் சி.டி.ஆர். பாதிச் சேனல்களுக்கு அது 2-லிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது யூட்யூப் சொல்லும் கணக்கு. பதினொன்று என்றால் பெரிய விஷயமாயிற்றே என்று போனை வாங்கிப் பார்த்தேன். பதினெட்டுப் பேர் கண்ணில் பட்டு, இரண்டு பேர் தொட்டிருந்தார்கள். ஒருவர் அவர் மைத்துனர். இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை.

விளம்பர வருமானம் வேண்டுமானால் 1000 சந்தாதாரர்கள், கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை. நீள வீடியோக்களுக்கு 2018-லிருந்து இதுதான் விதி. ஆயிரம் பேருக்கு அவர் கல்யாண வீடுகளை நம்பினார். பந்தி முடிந்து வெற்றிலை போடும் பாட்டிகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அத்தை, போனைக் குடுங்க, ஒரு நல்ல விஷயம் பண்ணித் தர்றேன்" என்பார். சப்ஸ்கிரைப் செய்து மணியையும் அமுக்கிவிட்டு வருவார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாட்டிக்கு விடிகாலையில் மணி அடித்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வீடே எழுந்து உட்கார்ந்தது. மண்புழு உரம் பற்றிய வீடியோ. பிறகு 'நான் உங்களுக்கு, நீங்க எனக்கு' என்று சேனல்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் மொய்க் குழு ஒன்றில் சேர்ந்தார். யூட்யூப் விதிப்படி இதற்குத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும் என்ன? மொய் வைத்தவன் ஒருவனும் பந்திக்கு உட்காரவில்லை.

மணி நேரத்துக்கு அவர் போட்ட திட்டம்தான் எனக்குப் பிடித்தது. 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 60 பேர். ஆளுக்குத் தினம் 10 நிமிடம் பார்த்தால் நாளைக்கு 10 மணி நேரம், 400 நாளில் முடிந்தது. ஆனால் வருஷத்துக்கு 365 நாள்தானே. 35 நாள் இடிக்கிறது. இரவெல்லாம் யோசித்துக் காலையில் குழுவில் செய்தி போட்டார்: "அனைவரும் தயவுசெய்து 11 நிமிடம் பார்க்கவும்." (60 பேர், 11 நிமிடம், 364 நாள். போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.) அன்று மாலையே மைத்துனர் குழுவிலிருந்து வெளியேறினார். மறுநாள் 12 நிமிடம் என்று திருத்தம் வந்தது.

பத்து டாலர் சேர்ந்ததும், விளம்பரப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் கூகுள் ஆட்சென்ஸ் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பி, முகவரியைச் சரிபார்க்கும். அந்தக் கடிதம் கைமாறிப் போகக் கூடாதே என்று தபால்காரரிடம் ஒரு வருடம் முன்பே சொல்லிவைத்து, பொங்கல் இனாமும் கொடுத்துவிட்டார். பாவம் அந்தத் தபால்காரர், ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பற்றி ஒரு தடவை பேச்சு வந்தது. 2018-ல் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். வயல்வெளி, அடுப்பு, ஒரு பெரியவர், நான்கைந்து பேரன்மார். அண்டா நிறையச் சமைத்து, சமைத்ததை உண்மையிலேயே ஊருக்குப் பரிமாறுகிறார்கள். பின்னணி இசைகூடப் பெரிதாக இல்லை, அம்மி அரைக்கிற சத்தம் கேட்கும். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்ட சேனல்காரர் கடைசியில், "அது சரி சார், அவங்க என்ன கேமரா வெச்சிருக்காங்க?" என்றார்.

யூட்யூப் ஸ்டூடியோவுக்குள் ஒரு கோடு உண்டு. ரிடென்ஷன் என்பார்கள். வீடியோவின் எந்த வினாடியில் எத்தனை பேர் இருந்தார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று அப்படியே காட்டும். வாங்க வேண்டியதில்லை, சந்தா இல்லை, சேனலோடு வருகிறது. இவ்வளவு கருவி வாங்கிய மனிதர் அந்தப் பக்கம் மட்டும் போக மாட்டார். கோயிலில் கூட்டம் எவ்வளவு என்று கேட்பார், எத்தனை பேர் பாதிக் கதாகாலட்சேபத்தில் எழுந்து போனார்கள் என்று கேட்க மாட்டார். போகாததற்குக் காரணம் உண்டு. அவர் வீடியோ தொடங்கியதும் ஒரு லோகோ சுழலும். சுழன்று, வெடித்து, தீப்பிடித்து, பெயராக மாற 22 வினாடி. 2005 ஏப்ரல் 23 அன்று யூட்யூபில் ஏறிய முதல் வீடியோ, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ விலங்குக்காட்சிசாலையில் யானைகள் முன்னால் நின்று பேசியது, மொத்தமே 19 வினாடிதான். அவர் யானையின் தும்பிக்கை நீளம் என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். இங்கே லோகோ இன்னும் தீப்பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள்தான் அந்த ரிடென்ஷன் கோட்டைத் திறந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். விஷயம் இருந்தது. "கறிவேப்பிலை காடு மாதிரி வளர இந்த ஒரு சொம்பு போதும்!" என்ற வீடியோ திடீரென்று இரண்டாயிரம் வியூஸைத் தாண்டியிருந்தது. கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றும் வைத்தியம். தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது.

"அப்பா, ஆரம்பத்துல பாதிப்பேர் போயிட்டாங்க, அது எப்பவும் போறதுதான். ஆனா இங்க பாருங்க, 3:42-ல கோடு மேல ஏறுது. ஜனங்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கற இடம் இது."

3:42-ஐப் போட்டார்கள். அவர் சொம்பைச் சாய்த்துக்கொண்டு, "இதில் உள்ள நுண்ணுயிர்கள்..." என்று தொடங்குகிறார். அப்போது படத்துக்கு வெளியிலிருந்து வீட்டம்மாவின் குரல்: "அய்யய்யோ, அந்த மோரையா எடுத்தீங்க? நாளைக்கு மோர்க்குழம்புக்குன்னு ரெண்டு நாளா புளிக்க வெச்சிருந்தேனே! போன வாரம் அரிசி கழுவுன தண்ணின்னு உளுந்து ஊறவெச்ச தண்ணியக் கொண்டுபோய் ஊத்துனீங்க. இந்தச் செடிக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்களா என்ன?" அவர் நுண்ணுயிர்களை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கை மட்டும் நடுங்குகிறது.

கருத்துப் பகுதி முழுக்க அதுதான். "அக்கா கேக்கறது நியாயம்." "எங்க வீட்லயும் இதே கதை." "சார் நீங்க நவுருங்க, அக்காவைக் காட்டுங்க." "அந்த மோர்க்குழம்பு எப்படி வைக்கறதுன்னு அடுத்த வீடியோ போடுங்க அக்கா." சேனல் வரலாற்றில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதியவை.

சேனல்காரர் நெடுநேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காத்திருந்தாள். பிறகு அவர் நிமிர்ந்து, "பேக்ரவுண்ட் நாய்ஸ்தான் பிரச்சினை" என்றார்.

அன்று இரவே ஒலியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினார். மனைவியின் குரல் ஒரு துளி இல்லாமல் துடைத்தெடுக்க மூன்று நாள் ஆயிற்று. ஏற்கெனவே ஏற்றிய வீடியோவின் இடத்தில் புதுக் கோப்பை மாற்றி வைக்க யூட்யூப் விடாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அழித்தார். வியூஸும் போயிற்று, கருத்துகளும் போயின. புதியது ஏறி ஒரு வாரம் ஆகிறது. 26 பேர் பார்த்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் வீட்டம்மா, காபியை வைத்துக்கொண்டே. "மோர்க்குழம்பு எப்படி வைக்கறதுன்னு கேட்டிருந்தாங்களே, அவங்களுக்கெல்லாம் நான் இப்போ எங்க போய்ப் பதில் சொல்றது?"