ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

கேள்வி: கார் வழியில் நின்றால், போன் செய்ததும் உதவிக்கு ஆள் வருகிறார். அப்புறம் டிக்கியில் ஜாக்கி எதற்கு?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆள் வருவார். அவர் வரும்வரை ரோட்டில் நிற்பது நீங்கள்தானே! தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண் உண்டு. ஆனால் இரவில், மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே பஞ்சரானால் அரை மணியும் அரை நாள்தான்.

அப்போது கைகொடுப்பவை ஜாக்கியும் ஸ்டெப்னியும்தான். ஸ்டெப்னி என்பது 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த உபரிச் சக்கரம். பெயரும் அந்தத் தெருவின் பெயரே. காற்றில்லாவிட்டால் அது வெறும் சுமை. மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். ஜாக்கி ஏற்றுமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திப் பழகுங்கள். டார்ச்சும் எச்சரிக்கை முக்கோணமும் கூடவே இருக்கட்டும்.

உதவி எண் போனில் இருக்கட்டும்; காற்று ஸ்டெப்னியில் இருக்கட்டும்!